மறக்கச் சொன்ன வேலை

இந்த வீட்டுக்கு வெளிச்சமாக வந்த மருமகளுக்கு, மாமனார் ஒவ்வொரு வரிக்கும் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லச் சொல்ல, அடுத்த வீட்டுத் தையல்காரர் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் புருஷனும் சுகம், இரவு வேலை முடித்து வந்து குறட்டை விடுகிறான். அங்கே இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் உன் அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார் என்று நம்புகிறேன். சுகமில்லாதது உன் செடிகள்தான். இதை உட்கார்ந்து படி. போனில் சொல்லக் கூடாதா என்பாய். உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாகவே "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்று சொல்லிவிடுகிறது. எனக்கு எழுதத் தெரியாததும் ஒரு வகையில் வசதிதான், வெட்கத்தில் பாதி எழுதுகிற கைக்குப் போய்விடும் என்றேன். "பண்ணினது நீங்க, எனக்கு எதுக்குப் பங்கு?" என்கிறார் தையல்காரர். அவருக்கும் பங்கு உண்டு. பின்னால் வருகிறது.

நீ கிளம்பின காலையில் பால்கனி அலமாரிக்கு முன்னால் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னது ஒரு சொல் பிசகாமல் என் காதில் இருக்கிறது. வலது தோளில் பை, இடது கையில் வீட்டுச் சாவி. "மாமா, இதுங்களுக்கு ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும். தண்ணி ஊத்த மறந்துட்டாக்கூடப் பரவாயில்ல. ஞாபகம் வெச்சு ஊத்திடாதீங்க." நானும் தலையாட்டினேன். அம்மா, யாரிடம் போய் மறக்கச் சொன்னாய்? நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கழுவின பஸ்ஸில் எந்த ஜன்னல் கண்ணாடி விரிசல் என்று கேள், சொல்கிறேன். அந்த அலமாரியில் எந்தச் செடி எந்தச் சிநேகிதி கொடுத்தது, எது மழையில் நனைந்துகொண்டு நீ வாங்கி வந்தது, எல்லாம் தெரியும். ஒற்றை இலையைப் போட்டாலே அதிலிருந்து குட்டி வரும், அப்படி வந்ததுதான் இதில் பாதி என்று நீ சொல்லும்போது மட்டும் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். உனக்கு விளையாட்டுப் பேச்சு அதிகம் என்று நினைத்தேன்.

நீ போன மறுநாள் பல்லைத் தேய்த்துக்கொண்டே செடிகளைப் பார்த்தேன். ரோஜாப்பூ மாதிரி தடித்த, சதைப்பற்றான இலைகளை அடுக்கி வைத்திருக்கிற அழகான செடிகள், ஆனால் இலை முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தூசி என்று நினைத்தேன். பஸ் ஷெட்டில் ஆயுசைக் கழித்தவன் கண்ணில் தூசி பட்டால் கை சும்மா இருக்குமா? பழைய பனியனைக் கிழித்து, நனைத்து, ஒவ்வொரு செடியாக, ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். பளபளவென்று ஆயின. துடைக்கும்போது இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. குப்பைக் கூடையில் போட்டால் உன் புருஷன் பார்த்துவிடுவான் என்று வேறெங்கோ ஒளித்தேன், எங்கே என்று இப்போது நினைவு வரமாட்டேன் என்கிறது. கழுவின பஸ்ஸை வெயிலில் நிறுத்துவதுதான் முறை. அதனால் எல்லாத் தொட்டிகளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காய வைத்தேன். சாயங்காலம் போனால் இலையெல்லாம் சூடு போட்டது போல் பழுப்புத் தழும்பு. வெந்துபோனவர்களுக்கு என்ன கொடுப்போம், தண்ணீர்தானே? கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். ராத்திரி முழிப்பு வந்தபோதும் பாவமே என்று எழுந்து போய்க் கொடுத்தேன். தண்டு கொழகொழத்து, தொட்டால் தலை கையோடு வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக எல்லாமே போய்விட்டது. அந்த மழைச் செடிதான் கடைசி.

அப்போது பார்த்து நீ, "மாமா, போன்ல என் பிள்ளைங்கள ஒரு தடவை காட்டுங்க" என்றாய். நாளைக்கு என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் காலில் விழாத குறையாக நின்றேன். அவர் வெட்டி மிஞ்சின பச்சை லைனிங் துணியை எடுத்து, கஞ்சி போட்டு, இலை இலையாக நறுக்கி, அடுக்கித் தைத்து, தொட்டிக்கு ஒன்றாக நட்டுவிட்டார். போனிலிருந்த செடிகளின் பழைய படத்தைப் பார்த்து, குறி போடுகிற சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினதும் அவர்தான். "தொழில்னா சுத்தமா இருக்கணும்" என்றார். நீ போனில் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டச் சொல்லிப் பார்த்தாய். அப்புறம் சொன்னாய்: "இலை மேல மாவு அப்படியே இருக்கே மாமா. வெயில்லேர்ந்து அதுங்களக் காப்பாத்துறதே அந்த மாவுதான். ஒரு விரல்கூடப் பட விடாமப் பார்த்துக்கிட்டிருக்கீங்க. எங்க அப்பா இருந்தாக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாரு." தூசி இல்லை, அதன் போர்வை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். திட்டு வாங்கியே வளர்ந்த உடம்பு அம்மா இது, அதைத் தாங்கும். நீ மெச்சினதைத் தாங்கவில்லை.

அதோடு விட்டாயா? செடி வளர்க்கிற உன் சிநேகிதிகளிடமெல்லாம் மாமனார் பெருமை பேசி, நீ திரும்பி வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறாய். வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும்போது உன் முகத்தை நான் எங்கிருந்து பார்ப்பேன்? அதனால் இன்றைக்குச் சாயங்காலப் பஸ்ஸில் என் மகள் வீட்டுக்குப் போகிறேன். உன் கோபம் ஆறி, "வாங்க மாமா" என்று நீயாகக் கூப்பிட்டால்தான் வருவேன். கூப்பிடாவிட்டாலும் நியாயம்தான். அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. சாவி தையல்காரரிடம். நீயும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நீ கை வைத்த மண்ணெல்லாம் துளிர்க்க வேண்டும் என்றும், என் கை மட்டும் அதில் படாமல் இருக்க வேண்டும் என்றும், வாழ்த்தும்

உன் மாமனார்.

பின்குறிப்பு: நான் போகவில்லை. துணிப்பையை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன், பைக்குப் பின்னால் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. இலைகளை எங்கே ஒளித்தேன் என்று நினைவில்லை என்றேனே, அதில்தான். திறந்தால், அம்மா, ஒவ்வொரு இலையின் அடியிலும் இளஞ்சிவப்பாக மயிரிழை போல் வேர், நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குட்டி ரோஜாப்பூ. இருட்டில் கிடந்து வெளிறியிருக்கின்றன, ஆனால் பெட்டி நிறைய உயிரோடு இருக்கின்றன. நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒளித்த அன்றைக்கே இலைகளை அலமாரி வரிசையிலேயே அடுக்கி வைத்திருக்கிறேன், எது எந்தத் தாயின் பிள்ளை என்று கேள், சொல்கிறேன். மழைச் செடிக்கு மட்டும் மூன்று பிள்ளைகள். வாழ்நாளில் நான் மறந்த ஒரே பொருள் இந்தப் பெட்டிதான், நீ சொன்னபடி பிழைத்ததும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. சீக்கிரம் வா. சந்தோஷத்தில் என் கை தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டது. தையல்காரர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறார். எவ்வளவு நேரம் பிடிப்பார் என்று தெரியவில்லை.