சர்க்கரை இரண்டு

படிப்பு சிலருக்கு அறிவைக் கொடுக்கும், சிலருக்குத் தலைக்கனத்தைக் கொடுக்கும். எனக்கு இரண்டாவது சீக்கிரமே வந்துவிட்டது. (முதலாவது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.)

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்காக செல்போன் ஆப் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் சேர்ந்தேன். தமிழ்க் கேள்விகள் என் பொறுப்பு.

"ஊர்ல நாலு பேர்கிட்ட காட்டிட்டு எழுதலாமே?" என்றார் மேலாளர்.

"நானே ஊர்க்காரிதான் சார்."

விரலில் குத்தி மிஷினில் பார்த்த எண்ணைப் பதிய வேண்டும். அதற்கு நான் எழுதிய கேள்வி: 'இன்று காலை சர்க்கரை எவ்வளவு?' எண் எழுபதுக்குக் கீழே போனால் ஆப் சொல்லும்: 'உடனே இனிப்பு சாப்பிடவும். பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பதியவும்.'

மல்லாங்கிணறு பக்கத்துக் கிராமத்தில் எட்டு மாதக் கர்ப்பிணியான முத்துமாரி அக்காவின் போனில்தான் முதலில் போட்டேன். சுகர் இன்னும் ஏறினால் தினமும் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஊசி என்றாலே நடுக்கம்.

மறுநாள் காலை மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஆப்பின் எச்சரிக்கை வந்து என் போன் சிவப்பாக அலறியது. முத்துமாரி, சர்க்கரை: 2.

இரண்டு! அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வருவதற்குள் மறுபடியும்: 2. (அந்த அளவில் இருப்பவர் எப்படி உட்கார்ந்து பதிவார் என்று என் படித்த மூளைக்குத் தோன்றவில்லை.) பஸ் ஸ்டாண்டு வழியாக வந்த வண்டியை நிறுத்தி, டிரைவரிடம் கெஞ்சி நானும் ஏறிக்கொண்டேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தார்.

"எத்தனாவது லட்டுக்கா?"

"நாலு. ஒங்க ஆப்பு விட மாட்டேங்குதே, தின்னு தின்னுங்குது. போன எடுக்கலாம்னா கை பூரா நெய்யி."

ஆம்புலன்ஸ் நர்ஸ் கையைக் கழுவச் சொல்லிக் குத்திப் பார்த்தார். இருநூற்றுப் பத்து.

"யாரும்மா இனிப்பு திங்கச் சொன்னது?"

கழுவிய விரல் என்னைக் காட்டியது.

"அக்கா, அந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"காப்பிக்கு ரெண்டு கரண்டி. நாலு போட்டவ, வயித்துப் புள்ளைக்காகத்தான் கொறச்சேன்."

"நான் கேட்டது சர்க்கரை நோயைக்கா!"

"அது சுகருல்ல? காப்பிக்குப் போடுறது சீனி. அதத்தான படிச்சவுக நீங்க சர்க்கரைம்பீக?"

எங்கள் வீட்டிலும் சீனிதான், சுகர்தான். எழுத்துக்கு அதெல்லாம் ஆகாது என்று ஒதுக்கியவள் நான். ஆனால் ஒன்று: கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் அந்த இரண்டு கரண்டி வெளியே வந்தே இருக்காது. இன்னும் என்னவெல்லாம் கேட்காமல் விட்டிருக்கிறேன்? ஆம்புலன்ஸில் போகும்போதே நோட்டை எடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். காப்பியில் சீனி நின்றது, சுகர் இறங்கியது. ஊசி தேவைப்படவில்லை. கட்டிலில் படுத்தபடியே அக்கா என் கேள்வியைத் திருத்தினார்: 'மிஷின்ல சுகரு என்ன நம்பர் காட்டுது?' இன்றும் ஆப்பில் இருப்பது அதுதான்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. காதுகுத்துக்குப் போயிருந்தபோது, "இவுகதான் எனக்கு வைத்தியம் பார்த்த லட்டு டாக்டரு" என்று அக்கா என்னைப் பந்தல் முழுக்க அறிமுகப்படுத்தினார். எங்கள் வீட்டிலும் இப்போது அந்தப் பெயர்தான்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண் என்னை ஓரமாக இழுத்துக் கேட்டாள்:

"அக்கா, எனக்கும் சுகரு இருக்குன்னு சொல்லிட்டாக. அந்தப் பழைய ஆப்பு கெடைக்குமா?"