உத்திரத்தில் செதுக்கிய விகிர்தி வருஷம்

பயந்தாங்கொள்ளிகள் பொய் சொல்லக் கூடாது. தைரியசாலி பொய்யைச் சொல்லிவிட்டு மறந்துவிடுவான். என்னைப் போன்றவன் சொன்னால், தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே போலீஸ் என்று கொல்லைப்புறம் ஓடுவான். நான் ஓடியிருக்கிறேன். ஒரு தடவை முகம் நிறைய சோப்போடு.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு வயது முப்பது. ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டுப் பாலக்கரையில் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன். எங்கள் ஓட்டு வீட்டை ஒட்டினாற்போல் ஒரு குடும்பம் அரிசிப்பொரி வறுத்து விற்றது. அந்த அடுப்பிலிருந்து ஒரு தணல் பறந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே நான் இளைத்துப்போனேன். (வறுத்தவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்.) கடைசியில் வீட்டை இன்ஷூரன்ஸ் செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். நெற்றி நிறைய நாமம், கக்கத்தில் குடை. கூடத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார்.

"கூரைக்கு என்ன வயசு ஓய்?"

"வயசு எதுக்குங்க?"

"இருபது வருஷம் தாண்டின கூரைன்னா காத்து மழைக்குக் கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது. நெருப்புக்கு மட்டும்தான். அதுலயும் தேய்மானத்தைக் கழிச்சுண்டுதான் கொடுப்பா."

ஐப்பசிக் காற்றில் அந்த ஓடுகள் கடகடவென்று ஆடும்போது நானும் கூடவே ஆடுகிறவன். நான் வயதைச் சொல்வதற்குள் அவர் கண் உத்திரத்தில் விழுந்தது. வீடு கட்டியபோது தச்சர் செதுக்கிய எழுத்து: 'விகிர்தி வருஷம் தை மாதம்.'

"பேஷ்! விகிர்தின்னா, ஆறு வருஷம்தான் ஆறதா?"

தமிழ் வருஷம் அறுபதும் ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விகிர்தி போனது உண்மைதான். ஆனால் எங்கள் உத்திரம் அதற்கு முந்தைய விகிர்தி. அறுபத்தாறு வயது!

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். என் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

உடனே உடம்பெல்லாம் வேர்த்தது. "சோடா வாங்கிட்டு வரேங்க" என்று தெருவுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் மனைவி ராஜாமணி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று.

அதன்பின் பதினொரு மாதம். கம்பெனியை ஏமாற்றினால் எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள் என்று யாரையாவது கேட்கலாம் என்றால், கேட்டாலே காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்று பயம். ஐப்பசி வந்தது. காற்று நாற்பது ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. எவனாவது இன்ஷூரன்ஸ்காரரிடம் போய்ச் சொல்லிவிடுவானோ என்று, மழையில் நனைந்துகொண்டே உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கிணற்றடியில் ஒளித்து வைத்தேன். கூடத்தில் அண்டா, குண்டான் எல்லாம் வரிசையாக ஒழுகலுக்குக் காத்திருந்தன. பாத்திரக் கடைக்காரனுக்கு அந்த ஒரு வசதி.

மறு வாரம் கம்பெனியிலிருந்து கடிதம். முழுக்க இங்கிலீஷ். 'டியர் சார்' மட்டும் புரிந்தது. கைது செய்வதற்கு முன் இவ்வளவு மரியாதையா!

கடிதத்தையும் பாலிசியையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பும்போது ராஜாமணியிடம் கடைச் சாவியைக் கொடுத்தேன். "நான் திரும்பி வர்லைன்னா உங்க அண்ணனை வந்து கடையைப் பார்த்துக்கச் சொல்லு."

"ஸ்ரீரங்கம் போறதுக்கு இவ்வளவு எதுக்கு? போயிட்டு வாங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததும் கொட்டிவிட்டேன். "அது இந்த விகிர்தி இல்லீங்க, போன விகிர்தி! வேணும்னு செய்யலீங்க. தலை தானா ஆடிடுச்சுங்க!"

அவர் நிதானமாகக் கடிதத்தை வாங்கிப் படித்தார். "வருஷம் முடியப்போறது, பிரீமியம் கட்டுங்கோன்னு போட்டிருக்கான். இதுக்கா அழறீர்?" பிறகு என் கையிலிருந்த பாலிசியைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "இதைப் படிச்சீரா?"

"இங்கிலீஷுங்களே."

"சிக்ஸ்டி சிக்ஸ்னு எழுதியிருக்கு. அறுபத்தாறு. உத்திரத்துல கரி அரை அங்குலம் ஏறியிருக்கு, ஆறு வருஷமாம்! உம்ம தலை ஆடினதை நம்பியா நான் எழுதுவேன்? நெருப்புக்கு மட்டும்தான் பாலிசி. நீர் சோடா வாங்கப் போனபோதே உங்காத்துக்காரிகிட்ட சொன்னேனே!"

பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டும்வரை எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் உறைக்கவில்லை. உறைத்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

"உனக்குத் தெரியுமா? பதினொரு மாசமா தெரியுமா?"

ராஜாமணி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும். பொய்யில்ல சொன்னீங்க? தானா வாயத் திறந்து சொல்றீங்களான்னு பார்த்தேன். அப்புறம், இந்தப் பதினொரு மாசமா சாப்பாட்டுல ஒரு குத்தம் சொல்லலையே நீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இப்போது எனக்கே அறுபத்தாறு. போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் வயது கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ராஜாமணி, "ஆறுன்னு போட்டுக்குங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து என் வழுக்கையைப் பார்த்தார்.

"ஓடெல்லாம் ஐப்பசிக் காத்துல போயிடுச்சுங்க" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். என் தலை ஆமாம் என்று ஆடியது.