ரூமுக்காகப் போன விண்கலம்

உயிரே போனாலும் அந்தச் சின்ன ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். உயிர் இருக்கிறது. ரூம் போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வரவில்லை.

என் பெயர் ஜெபகுமார். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். வெள்ளை மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கப் புடவை விரிப்பேன். முந்தானையை என் தோளிலேயே போட்டுக் காட்டுவேன். மீசை வைத்த மணப்பெண்ணாக என்னைப் பார்த்தவர்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். "வேற கலர் இருக்குதா?" என்பார்கள். எடுப்பேன். இன்னொன்று கேட்பார்கள். அதையும் எடுப்பேன். கடைசியில், "பாத்துட்டு வரோம்பா" என்று எழுந்து போவார்கள். மலை மாதிரி குவிந்ததை நான் ஒருவனே மடிப்பேன்.

இப்படி மனிதர்களைப் பார்த்து அலுத்துப்போனவனுக்கு விண்வெளி பிடித்துப்போனதில் என்ன தப்பு? கம்ப்யூட்டரில் அது ஒரு விளையாட்டு. ராக்கெட்டை நாமே கட்டி நாமே ஏவலாம். மற்றவர்கள் உள்ளே வீரர்களை உட்காரவைத்து அனுப்புவார்கள். நான் ஆளில்லாத கலம் மட்டும்தான் அனுப்புவேன். ஆள் இருந்தால் பேசுவான். பேசினால் வேற கலர் கேட்பான்.

என் கலங்கள் சொன்ன இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். அழகு மட்டும் மருந்துக்கும் கிடையாது. சாம்பார் வாளிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். நாளெல்லாம் அழகை விரித்துக் காட்டுகிறவனுக்கு அது உள்ளூர ஒரு குறைதான்.

இந்த விண்வெளி எல்லாம் எங்கள் சமையலறைக்குப் பக்கத்து ரூமில் நடந்துகொண்டிருந்தது. போன சனிக்கிழமை சாயங்காலம் அதன் வாசலில் என் மனைவி சுகாசினி வந்து நின்றாள். ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்கிறவள். கையில் ஊசி இருந்தது.

"இன்னாங்க, இந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க."

"எந்த ரூமை?"

"வீட்ல இன்னா பத்து ரூமா இருக்குது? இதத்தான். ஆரி ஸ்டாண்டை ஹால்ல போட்டுக்கினு நான் படுற பாடு போதும். வரவங்க போறவங்க எல்லாம் இடிச்சிக்கினு போறாங்க. நேத்து ஒரு கல்யாண ஜாக்கெட்ல மயிலுக்குக் கழுத்து கோணிக்கிச்சு."

"எனக்கு நிம்மதின்னு இருக்கிறது இந்த எடம் ஒண்ணுதாம்மா."

"எனக்கு முதுகுன்னு இருக்கிறதும் ஒண்ணுதாங்க."

இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத இடத்தில் பந்தயம் கட்டுவது என் வழக்கம். சிவப்புக் கிரகத்துக்கு நான் எத்தனையோ வாளிகளை அனுப்பியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன். சுகாசினிக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"சரி, ஒரு பந்தயம். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு ஒரு கலம் விடறேன். சிவப்புக் கிரகத்துக்குப் போயி, அதைச் சுத்தி ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பிச்சுதுன்னா ரூம் எனக்கு. இல்லன்னா உனக்கு. அப்புறம் பேச்சே கிடையாது."

ஊசியால் தலையைச் சொறிந்தாள். பாவம், அப்பாவி என்று நினைத்தேன்.

"சரிங்க. ஆனா ஒண்ணு. பாக்க லட்சணமா இருக்கணும். அந்த வாளியெல்லாம் ஆவாது. நான் பாத்து நல்லா இருக்குதுன்னு சொன்னாத்தான் விடணும்."

லட்சணத்தைப் பற்றி எனக்கா சொல்கிறாய் என்று மனதுக்குள் சிரித்தேன். நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டிபன் முடிந்ததும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் உடம்புப் பகுதியை எடுத்து வைத்தேன்.

"கலர் டல்லா இருக்குதே."

"மாம்பழ மஞ்சள் இருக்குது, பாருங்கம்மா."

"வேற?"

"கிளிப்பச்சை இருக்குது. மயில் கழுத்து இருக்குது. அரக்குல எடுக்கட்டுமா, உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

சொந்தப் பெண்டாட்டியை 'உங்க' என்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. வாய் தானாகக் கடைக்குப் போய்விட்டது. கையும் பின்னாலேயே போனது. அரக்கு உடம்பு, ஓரத்தில் தங்கப் பட்டை, தலையில் வெள்ளை ஆன்டெனா. நிஜமாகவே கலம் அழகாகிக்கொண்டு வந்தது.

"மேல குடை எதுக்குங்க?"

"அதுலதாம்மா நம்மகூடப் பேசும்."

"சரி, வச்சிக்கட்டும். பக்கத்துல ரெண்டு ரெக்கை இருக்குதே, அது ஏன் கருப்பா, கட்டம் கட்டமா லுங்கியாட்டம் இருக்குது?"

"அது சோலார் பலகை."

"அதுக்குப் பின்பக்கம் பாருங்க, தகதகன்னு தங்கமா இருக்குது. இவ்ளோ நல்ல பக்கத்தை உள்ள மறைச்சி வச்சா எப்படி? அத வெளிய திருப்பி, உடம்போட படிய வச்சி ஒட்டுங்க."

பட்டுக்கடைக்காரன் கையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நல்ல பக்கத்தைக் காட்டு என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிட்டால் அது மூளையைக் கேட்காது. சரிகை நூல் துருத்துகிற பின்பக்கத்தை நாங்கள் யாருக்கும் காட்டுவதில்லை. இருபது வருஷப் பழக்கம். ஒரே தட்டில் திருப்பினேன். தங்கம் உலகத்தைப் பார்த்தது. கட்டம் போட்ட பக்கம் கலத்தின் விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"இப்பதாங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குது," என்றாள்.

கல்யாணமானதிலிருந்து நான் செய்த எதையும் அவள் இப்படிப் பாராட்டியதில்லை. உருகிவிட்டேன். உருகின கையோடு ஏவினேன்.

பொய் சொல்லமாட்டேன், அது புறப்பட்ட அழகில் எனக்குக் கண் கலங்கியது. கருப்பு வானத்தில் அரக்கும் தங்கமுமாகத் தனியாகப் போனது. நான் மடித்து வைக்க வேண்டியிராத ஒரே அழகான பொருள் என் வாழ்க்கையில் அதுதான். மனசு நிறைந்து, விளையாட்டில் காலத்தை வேகமாக ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். சுகாசினி அன்றைக்கு மீன்குழம்பு வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றினாள்.

திரும்பி வந்தபோது சிவப்புக் கிரகம் திரையில் தக்காளி அளவுக்கு வந்திருந்தது. வேகத்தைக் குறைக்க எஞ்சினைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினேன். பாட்டரி காலி. சூரியன் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் தங்கத் தகட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் எடுக்க வேண்டிய பக்கம் இருட்டில் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிரகத்தைத் தாண்டிப் போய்விட்டது என் கலம். திருப்ப வழியில்லை. நிறுத்த வழியில்லை. குடை இருந்தும் பேச்சில்லை. செத்த பிறகும் தகதகவென்று போய்க்கொண்டே இருந்தது.

பந்தயம் பந்தயம்தான். மேசையை நானே தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். செருப்பு ஸ்டாண்டுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இனி என் விண்வெளி. ஆரி ஸ்டாண்டையும் நானே கொண்டுபோய் ஜன்னலோரம் போட்டேன். சுகாசினி உட்கார்ந்து முதுகை நிமிர்த்தினாள். முகம் வாடியிருந்த மாதிரி தெரிந்தது. என் சோகம் போதாதென்று அவளை வேறு தேற்ற வேண்டியிருந்தது.

"நீ மனசுல வச்சிக்காத சுகா. உன் மேல தப்பு இல்ல. எந்தப் பக்கம் வேலை செய்யும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஊசியில் நூலை மாட்டினாள்.

அப்போது பக்கத்து வீட்டுக் கலாவதி ஒரு ஜாக்கெட் துணியோடு உள்ளே வந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த மேசையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, எழவு வீடு மாதிரி இருக்கீங்க?"

"அவரு விட்டது ஒண்ணு போயிடுச்சுக்கா," என்றாள் சுகாசினி.

"ஐயோ பாவம். சரி, போனது போச்சு, மனசத் தேத்திக்கோங்கண்ணா. சுகா, இந்தாம்மா என் பொண்ணு ஜாக்கெட்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரூம் கைக்கு வந்துடும், அப்ப கொண்டாங்கன்னு ஞாயித்துக்கிழமையே சொன்னியே, அதான் கரெக்டா வந்துட்டேன்."

நான் சுகாசினியைப் பார்த்தேன். அவள் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெனம் சாயங்காலம் 'பலகையைச் சூரியனுக்குக் காட்டு, சூரியனுக்குக் காட்டு'ன்னு நீங்க உள்ள கத்துறதக் கேட்டுக்கினுதானே சமைக்கிறேன்? எந்தப் பக்கம்னு தெரியாமலா திருப்பச் சொன்னேன்?"