எட்டாவது துப்பாக்கி

"உங்க மூக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார் துப்பாக்கிக் கடைக்காரர் திருமதி விட்டில்.

"எப்பவும் இருக்கிற இடத்துலதான்," என்றார் டெரிக் பிம். துப்பாக்கி தோளில் இருந்ததால் குரல் நசுங்கி வந்தது.

"கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் வேணும். இல்லேன்னா வெடிச்ச வேகத்துல உங்க விரலே உங்க மூக்குல குத்து விடும். இன்னொரு தடவை தூக்குங்க."

டெரிக் தூக்கினார். கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் படிந்தது. கண் குழலின் மேல் வழுக்கிக்கொண்டு போய் முனையில் குறி பார்க்க வைத்திருந்த சின்ன மணியில் நின்றது. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்க வந்தவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"பொருந்துது," என்றார்.

"பொருந்தாம? உங்களுக்கே செஞ்ச மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போங்க. ஒத்து வரலேன்னா மாத்தித் தர்றேன்."

டெரிக்கின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஹாப்லி கிராமத்தின் காட்டில் குளிர்காலம் முழுக்க ஃபெசன்ட் பறவை சுடுகிற குழு ஒன்று உண்டு. எட்டுப் பேர், ஆளுக்குச் சமமாகப் பங்குப் பணம். அதில் ஒருவர் மகளோடு இருப்பதற்காக போர்ச்சுகல் போய்விட்டார். குழுவின் தலைவர் ரூபர்ட் ஃபென்டன் மதுக்கடையில் பெருமூச்சு விட்டார்: "நமக்கு ஒரு துப்பாக்கி குறையுது."

"எங்கிட்ட இப்போ இல்ல, வாங்கிடறேன்," என்றார் பக்கத்து மேஜையில் இருந்த டெரிக். கடை முழுக்கச் சிரித்தது. அந்தப் பக்கத்தில் சுடுகிற ஆளுக்கே துப்பாக்கி என்றுதான் பெயர்.

சிரித்து முடித்த ரூபர்ட் டெரிக்கை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, நீயே வாயேன். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, மைதானத்துல பறக்க விடுற பத்து களிமண் தட்டைச் சுடு. எல்லாரும் பாத்து முடிவு பண்றோம்."

டெரிக் கண் பரிசோதகர். பர்மிங்காமிலிருந்து வந்து இரண்டு வருடத்தில் ஹாப்லியில் எல்லாருடைய கண்ணையும் பார்த்துவிட்டார். அவரை வீட்டுக்கு வா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. இந்த எட்டாவது இடம் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க ஏழு நண்பர்கள். என்றைக்காவது யாராவது கூப்பிடுவார்கள் என்று வாங்கிவைத்த போலீஸ் லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தது. இரும்புப் பெட்டியும் சுவரில் ஏறியிருந்தது. உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

அன்று மாலை அவர் மனைவி ஹேசலுக்குப் பாடம் நடந்தது.

"ரைஃபிள்ல குறி பாக்க முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருக்கும். இதுல பின்னால ஒண்ணுமே கிடையாது. ஏன் சொல்லு?"

"விலை கம்மியா?"

"என் கண்ணுதான் பின்பக்கக் குறி. கன்னம் கட்டையில கொஞ்சம் மேல உக்காந்தா தோட்டாவுல இருக்கிற ஈய ரவையெல்லாம் பறவைக்கு மேல போயிடும். கொஞ்சம் இறங்கினா கீழ போயிடும். அதனாலதான் சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி எடுக்கிறாங்க. இது கண் சம்பந்தப்பட்ட விஷயம், ஹேசல். இத்தனை வருஷமா யாருமே எங்கிட்ட சொல்லல."

"உருளைக்கிழங்கு ஆறுது," என்றாள் ஹேசல்.

மறுநாள் மைதானத்தில் ரூபர்ட்டும் வந்து நின்றார். இயந்திரம் களிமண் தட்டை வானத்தில் வீசும். அது போகிற பாதையில் அதற்குச் சற்று முன்னால் சுட வேண்டும். ரவை போய்ச் சேரும்போது தட்டும் அங்கே வந்திருக்கும். டெரிக்குக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. பத்தில் ஏழு தூளாகிப் போயின.

ரூபர்ட்டின் முகம் புளித்த பாலைக் குடித்தவர் முகம் போல ஆனது. அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் டெரிக்.

"நல்லாத்தான் சுடுறே," என்றார் ரூபர்ட் மெதுவாக. "ஆனா இது குழலுக்கு மேல குழல். தட்டு சுடுறவங்க வைக்கிறது. காட்டுல சுட, ரெண்டு குழலும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுதான் லட்சணம். உன் நல்லதுக்குச் சொல்றேன்யா."

திருமதி விட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. "பொருந்தின சட்டையை எதுக்குக் கழட்டுறீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் மாற்றிக் கொடுத்தார்.

புதிய துப்பாக்கி அழகாக இருந்தது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு குழல்களின் மேலாகப் பார்க்க வேண்டியிருந்ததால், டெரிக்கின் கண் எந்த ஓரத்தில் நிற்பது என்று தெரியாமல் அலைந்தது. நான்கு தட்டு உடைந்தது.

"கனம் அதிகம். அதான் கை தாமதமாகுது," என்றார் ரூபர்ட். "இருபது போர் துப்பாக்கி எடு. குழல் மெல்லிசு, இறகு மாதிரி இருக்கும்."

இறகு மாதிரிதான் இருந்தது. ஆனால் கனமான துப்பாக்கி ஒரு தடவை அசைந்தால் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். லேசானது கை நின்றதும் நின்றுவிடும். டெரிக் விசையை அழுத்தும்போதெல்லாம் துப்பாக்கி நின்றது, தட்டு நிற்கவில்லை. போதாததற்கு வெடிக்கும்போது தோளில் உதை வேறு. ராத்திரி ஹேசல் அவர் தோளில் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்து ஒத்தடம் கொடுத்தாள்.

"முதல்ல ஏழு உடைச்சியே, அந்தத் துப்பாக்கிக்கு என்ன குறை?"

"அது தட்டுக்கு, ஹேசல்."

"ஞாயித்துக்கிழமை சுடப் போறதும் தட்டுத்தானே?"

டெரிக் அவள் பக்கம் திரும்பினார். "ரூபர்ட் முப்பது வருஷமா சுடுறார். தினமும் தன் வேலையை விட்டுட்டு எனக்காக வந்து நிக்கிறார். பர்மிங்காம்ல யாராவது இப்படி வந்து நின்னாங்களா?"

ஹேசல் பட்டாணியைத் திருப்பி வைத்தாள்.

அடுத்த நாள் ரூபர்ட் குழலின் வாயை இறுக்கச் சொன்னார். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் மெல்லிசாகி வெகுதூரம் பாய்கிற மாதிரி, ரவையும் சிதறாமல் தூரம் போகும். உண்மைதான். ஆனால் மைதானத்தில் தட்டு பக்கத்தில்தான் பறந்தது. பூவாளியால் ஊற்ற வேண்டிய செடிக்கு டெரிக் ஊசியால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் ஒரே ஒரு தட்டு உடைந்தது. அதுவும் இயந்திரத்திலிருந்தே விரிசலோடு வந்தது என்றார் மைதானத்துக்காரர்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை ரூபர்ட் கட்டையின் நீளத்தைப் பார்த்தார். "குளிர்ல தடிமனான கோட்டு போடுவே. அப்போ கட்டை கக்கத்துல மாட்டும். ஒரு இன்ச் அறுத்துடு."

"அறுத்தா ஒட்டாது," என்றார் திருமதி விட்டில். "மாத்தியும் தர மாட்டேன். நல்லா யோசிச்சுக்கோங்க."

"அறுங்க," என்றார் டெரிக்.

ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் மாதத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெயில் அடித்தது. கோட்டு போட்டால் மயக்கம் வரும் போலிருந்தது. டெரிக் சட்டையோடு போய் நின்றார். பின்னால் குழுவின் ஏழு பேரும் வரிசையாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காட்டில் ஃபெசன்ட் குஞ்சுகளை வளர்க்கிற காவலர் ஏமஸ் ஓரமாக நின்றார். ஹேசல் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"விடு," என்றார் டெரிக்.

தட்டு கிளம்பியது. துப்பாக்கி வெடித்தது. கட்டைவிரல் நேராக மூக்கில் இறங்கியது. தட்டு ஒரு சேதமும் இல்லாமல் போய்ப் புல்லில் உட்கார்ந்தது.

இரண்டாவது தட்டுக்குக் கண்ணில் நீர். நான்காவதுக்கு ரத்தம். ஆறாவதுக்குக் கைக்குட்டையை மூக்கில் திணித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி, "பிடு," என்றார். பத்தும் முழுசாகத் தரையிறங்கின.

டெரிக் குழலை மடக்கித் திறந்து, தோட்டாக் கூட்டை எடுத்துவிட்டு, தலை குனிந்து நடந்து வந்தார். இனி ஹாப்லியில் யார் முகத்திலும் விழிக்க முடியாது. கண்ணாடிக் கடையை விற்றுவிட்டு பர்மிங்காமுக்கே போய்விடலாம்.

அப்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஏழு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரூபர்ட் ஓடி வந்து டெரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீதான்யா எட்டாவது துப்பாக்கி. எல்லாருக்கும் சம்மதம். ராத்திரி நீயும் ஹேசலும் நம்ம வீட்டுல சாப்பிடுறீங்க."

"ஆனா... ஒண்ணு கூட உடையலையே, ரூபர்ட்?"

"ஆமா, பாத்தோம்," என்றார் ரூபர்ட். தோளைத் தட்டிவிட்டு நண்பர்களிடம் திரும்பிப் போனார்.

டெரிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்கைப் பிடித்தபடி நின்றவரிடம் காவலர் ஏமஸ் வந்து, இன்னொரு கைக்குட்டையை நீட்டினார்.

"போன வருஷம் எட்டுப் பேருமே குறி தப்பாத ஆளுங்க சார், கிறிஸ்மஸுக்கு முன்னாடியே காட்டுல ஒரு பறவை மிச்சமில்ல, ஜனவரி முழுக்க சூப்பைக் குடிச்சிட்டு மரத்தைப் பாத்துட்டு நின்னாங்க. உங்களை இந்த அளவுக்குக் கொண்டுவர ரூபர்ட் சார் எவ்வளவு பாடுபட்டார் தெரியுமா? தயவுசெஞ்சு அந்தத் துப்பாக்கியை மட்டும் மாத்திடாதீங்க."