மூணு நொடி பொறுங்க, மார்லிஸ்!

அறிவியல் ஆசிரியை மார்லிஸ் டோலெஃப்சன் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லி முடித்தபோது, கடைசி வரிசையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் கர்ட்டிஸ் ஓல்ஸ்டாட் கண்களை மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வழிவிட்டதற்கு நன்றி சொல்லி, ஒருவழியாக வெளியே போய்ச் சேர்ந்தார்கள். கர்ட்டிஸ் மெதுவாக மேசை அருகே வந்தார்.

"நல்ல பாடம், மார்லிஸ். ரொம்ப நல்ல பாடம்."

மின்னசோட்டா மாநிலத்தின் ஹால்வர் ஃபால்ஸ் ஊரில் யாராவது இரண்டு முறை பாராட்டினால், மூன்றாவதாக வருவது பாராட்டாக இருக்காது. மார்லிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க கர்ட்டிஸ்."

"கேள்வி கேட்டுட்டு நீங்க எவ்வளவு நேரம் காத்திருக்கீங்கன்னு பார்த்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"காத்திருக்கவே இல்ல. ஒரு தடவை கேள்விக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சு."

கோடை விடுமுறையில் கர்ட்டிஸ் ஒரு மாநாட்டுக்குப் போய், தலையணை கனத்தில் ஒரு கோப்போடு திரும்பியிருந்தார். பிள்ளைகளின் தேர்ச்சியை உயர்த்த ஆராய்ச்சியில் நிரூபணமான வழிகள் எல்லாம் அதில் இருந்தன. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் மூன்று நொடியாவது வாயைத் திறக்கக் கூடாது என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது.

"வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்துலேருந்து ஆள் வராங்க" என்றார் கர்ட்டிஸ், ஜன்னலைப் பார்த்தபடி. "இந்த வகுப்போட மார்க்கு அவங்களுக்குத் திருப்தியா இல்லையாம். பாடம் நடத்தறதை நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணுவாங்க. பிடிக்கலேன்னா உங்களை க்ளோவர்டேல் பள்ளிக்கு மாத்திடுவாங்க. ஆறாம் வகுப்புக்கு."

மார்லிஸ் எதுவும் சொல்லவில்லை. அதுவே ஒரு சாதனை. பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான் அவளுக்கு உயிர். எதையும் நம்பாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்பவர்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது?

ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர் 'டங்' என்று ஒரு சத்தம் போட்டது.

"அன்னிக்கே ரேடியேட்டர் ரிப்பேருக்கும் ஆள் வராங்க" என்றார் கர்ட்டிஸ், ஆறுதலாக.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் லைல் விஷயத்தைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கை வாயில் வைத்தபடியே சிரித்தான்.

"மூணு நொடியா? நீயா? சர்ச்சுல பாதிரியார் 'இவளை ஏத்துக்கச் சம்மதமா'ன்னு என்னைக் கேட்டப்போ யாரு பதில் சொன்னது?"

"நீ ரொம்ப யோசிச்ச."

"மூச்சு விட்டேன், அவ்வளவுதான்."

மார்லிஸ் ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு வாய் காபி. வாய்க்குள் காபி இருக்கும்போது பதில் எப்படி வெளியே வரும்?

திங்கட்கிழமை கேள்வி கேட்டாள். காபி குடித்தாள். வகுப்பு அவளைப் பார்த்தது. இன்னொரு வாய் குடித்தாள். வகுப்பு மரியாதையாகப் புன்னகைத்தது. யாரும் கை தூக்கவில்லை.

பதில் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் தட்டில் இருக்கும் கடைசி கேக் துண்டை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் அதில் பாதியை. கடைசியில் ஒரு பொருக்கு மட்டும் தட்டில் தனியாகக் கிடக்கும். முதல் ஆளாகப் பதில் சொல்வதும் அந்தப் பொருக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதைப் போலத்தான்.

மாலைக்குள் குடித்த காபியெல்லாம் மார்லிஸின் தலைக்கேறிவிட்டது. கடைசி வகுப்பில் ஒரு முழு அத்தியாயத்தையும் அவள் ஓட்டிய வேகத்தில், குறிப்பெடுத்த பிள்ளைகள் விரலை உதறிக்கொண்டே வெளியே போனார்கள்.

"அப்ப குச்சி முறைக்குப் போங்க" என்றார் கர்ட்டிஸ், கோப்பைப் புரட்டி. "ஐஸ்கிரீம் குச்சியில பேரு எழுதி, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். யார் பேரு வருதோ அவங்க சொல்லியாகணும். நிரூபணமானது."

செவ்வாய்க்கிழமை முதல் குச்சியில் பிரிட்டாவின் பெயர் வந்தது.

"எனக்குக் கொஞ்சம் தெரியும் டீச்சர்" என்றாள் பிரிட்டா. "ஆனா கோங்குக்கு இன்னும் நல்லாத் தெரியும்."

கோங் சியோங் பதறினான். "ஐயோ, நான் என்ன! அப்தி நேத்து பஸ்ஸுல இதைப் பத்தி அருமையா பேசிட்டு வந்தான்."

"அது பிரிட்டா எனக்குச் சொல்லிக் குடுத்தது" என்றான் அப்தி. அவன் ஏழு வயதில் சோமாலியாவிலிருந்து வந்தவன். விட்டுக்கொடுக்கும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்க்காரர்களை மிஞ்சிவிட்டான்.

கேள்வி வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கீறல்கூட விழாமல் மார்லிஸிடமே வந்து சேர்ந்தது.

"ஜோடி ஜோடியா பேச விடுங்க" என்றார் கர்ட்டிஸ்.

விட்டாள். அறை முழுக்க ஒரே முணுமுணுப்பு. மகிழ்ச்சியோடு பக்கத்தில் போய்க் காது கொடுத்தாள்.

"நீ முதல்ல சொல்லு."

"பரவாயில்ல, நீ சொல்லு."

"இல்ல இல்ல, போன தடவை நான்தானே சொன்னேன்."

"போன தடவையும் நாம எதுவும் சொல்லலியே."

மணி அடித்துவிட்டது.

புதன்கிழமை கர்ட்டிஸ் கோப்பின் நடுப்பக்கத்துக்கு வந்திருந்தார். "உறவுதான் அடிப்படைன்னு சொல்றாங்க மார்லிஸ். வாசல்ல நின்னு, ஒவ்வொரு பிள்ளையா பேரு சொல்லிக் கூப்பிட்டு, ரெண்டு வார்த்தை நலம் விசாரிச்சு உள்ளே விடுங்க. அப்புறம் பாருங்க."

மற்ற ஊர்களில் அது நடக்கும். ஹால்வர் ஃபால்ஸில் பேச்சை முதலில் முடிப்பவன் முரடன். பிரிட்டாவின் வீட்டு நாய்க்குக் கால் சரியாகிவிட்டதா என்று மார்லிஸ் கேட்டாள். பிரிட்டா மார்லிஸ் வீட்டுப் பூனையைப் பற்றித் திருப்பிக் கேட்டாள். வரிசை தாழ்வாரத்தின் கோடி வரை நீண்டது. என்ன கூட்டம் என்று பார்க்க வந்த கர்ட்டிஸிடம் அப்தி அவர் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிக்க, அவரும் வரிசையிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தபோது, வீட்டுப்பாடம் சொல்ல மட்டும்தான் நேரம் இருந்தது.

"இனி எந்த வழியும் வேண்டாம் கர்ட்டிஸ்" என்றாள் மார்லிஸ். "நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அப்புறம் கூரை இடிஞ்சு விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

கர்ட்டிஸ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், வெளியூர் போகிறவளை வழியனுப்புவது போல.

வியாழக்கிழமை விடியற்காலையிலிருந்து பனி கொட்டியது. பாடம் தொடங்கும் நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல வகுப்பு வாசலுக்கு வந்து, நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று கதவை ஒருவருக்கொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கறுப்புக் கோட்டும் டையும் அணிந்த பெரியவர். கையில் காகிதம் செருகிய அட்டை. இன்னொருத்தி கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஆரஞ்சு நிறப் பனியுடுப்பும் கனத்த பூட்ஸும் போட்டிருந்தாள். முகம் குளிரில் சிவந்திருந்தது.

மார்லிஸ் பெரியவரிடம் விரைந்தாள்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகக் கடைசி வரிசையில நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்."

"இல்லம்மா, நான் வந்து—" என்றார் பெரியவர்.

"சங்கடப்படாதீங்க, உட்காருங்க!" மார்லிஸ் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "ரேடியேட்டர் அதோ, ஜன்னலுக்குக் கீழ. பாடம் முடியற வரைக்கும் கொஞ்சம் சத்தம் இல்லாம பார்த்துக்க முடியுமா?"

"மன்னிக்கணும், என் கார் பள்ளத்துல இறங்கிடுச்சு, அதான்—"

"இந்தப் பனியில யாரு காருதான் இறங்கல! மெதுவா ஆகட்டும், அவசரமில்ல."

மார்லிஸ் பேச ஆரம்பித்தால் குறுக்கே புகுவது அவள் கணவனுக்கே கைவராத கலை. பெரியவர் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ரேடியேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் கைகளைக் காட்டிக் குளிர்காய்ந்தாள்.

மார்லிஸ் ஆழமாக மூச்சிழுத்தாள்.

"நம்ம ஏரி குளிர்காலத்துல ஏன் மேல மட்டும் உறையுது? அடி வரைக்கும் ஏன் உறையறதில்ல?"

வாயை மூடினாள்.

மூன்று நொடி போயிற்று. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் அன்போடு பார்த்துக்கொண்டார்கள். ரேடியேட்டர் 'டங்' என்றது. பதில் மார்லிஸின் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். மறுபடி நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்தாள். வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று வந்து, தெருவைச் சுத்தம் செய்து, திரும்பியும் போனது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. க்ளோவர்டேல், க்ளோவர்டேல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பின்னாலிருந்த பெரியவர் டையைத் தளர்த்தினார். நெளிந்தார். நெற்றியைத் துடைத்தார். அப்புறம் தாங்க முடியாமல் எழுந்தே விட்டார்.

"பூமியோட சூடு!" என்றார். "அடியில பூமி சூடா இருக்குல்ல? அதான் அடி உறையறதில்ல!"

யாரும் அசையவில்லை. ஆனால் இது வேறு மாதிரி மௌனம். பிரிட்டாவின் கை மெல்ல மேலே வந்தது.

"சார், அது... ஒரு மாதிரி வித்தியாசமான யோசனைதான்."

வகுப்பு மூச்சை இழுத்துப் பிடித்தது. அந்த ஊரில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. ஒரு குடும்பம் வீட்டுக்கு ஊதா வண்ணம் அடித்தபோதுதான் கடைசியாக அதைச் சொல்லியிருந்தார்கள்.

"ஏம்மா?" என்றார் பெரியவர். "வீட்டு அடித்தளத்துல கொதிகலன் இருந்தா கீழ கதகதப்பா இருக்காது?"

ஒரு விருந்தாளியைத் தப்பான பதிலோடு திருப்பி அனுப்புவது, கோட்டு இல்லாமல் பனியில் இறக்கிவிடுவதற்குச் சமம். கோங் கையைத் தூக்கக்கூட மறந்துவிட்டான்.

"ஆனா சார், எங்க வீட்டு வாசல்ல ஒரு வாளித் தண்ணி வெச்சா அதுவும் மேலதான் முதல்ல உறையுது. வாளிக்கு அடியில கொதிகலன் இல்லையே?"

"அதுவும் இல்லாம, சூடு மேலதான் ஏறும் சார்" என்றான் அப்தி. "அடியில அவ்வளவு சூடு இருந்தா அது மேல வந்து பனிக்கட்டியை உருக்கிடும். எங்க அப்பா இப்ப அதுமேலதான் வண்டியை நிறுத்திட்டு மீன் பிடிச்சிட்டிருக்காரு. தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க!"

வகுப்பு சிரித்தது. பெரியவரும் சிரித்தார்.

"இரு இரு" என்றாள் பிரிட்டா. "குளிர்ந்த தண்ணி கனமாச்சே? அது அடிக்குப் போய் அங்கேதானே உறையணும்?"

"ஒரு அளவு வரைக்கும்தான் கனம்!" கோங் எழுந்து நின்றிருந்தான். "நாலு டிகிரி வரைக்கும். அதுக்கும் கீழ போனா மறுபடி லேசாயிடும். அதான் ஐஸ் மிதக்குது!"

"அப்ப மீனெல்லாம்?" என்றார் பெரியவர்.

"அந்த நாலு டிகிரியில அடியில உட்கார்ந்திருக்கு சார்!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன.

"அட! இத்தனை வருஷம் ஐஸுல துளை போட்டு மீன் பிடிக்கறேன், யாரும் சொல்லலியே!"

அதன் பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. யாரோ கரும்பலகைக்கு ஓடி ஏரியை வரைந்தார்கள். அதை யாரோ அழித்துத் திருத்தி வரைந்தார்கள். ஒருவரும் 'நீ முதல்ல' என்று சொல்லவில்லை. மார்லிஸ் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மணி அடித்தும் யாரும் எழவில்லை. அவளே விரட்டி அனுப்பவேண்டியிருந்தது.

அறை அடங்கியதும் அவள் பெரியவரிடம் போனாள்.

"வேணும்னே தப்பா சொன்னீங்க, இல்லையா? பிள்ளைங்களைக் கிளப்பி விட! இது எந்த ஆராய்ச்சியில வருது?"

பெரியவரின் காது சிவந்தது. "அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லம்மா."

எவ்வளவு படித்தாலும் என்ன அடக்கம் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். "அப்ப... நான் இங்கயே இருக்கலாமா?"

"தாராளமா இருங்கம்மா" என்றார் அவர், குழப்பத்தோடு. "ஏன், எங்கயாவது போகணுமா?"

மார்லிஸ் தன் மேசைக்கு ஓடி வந்தாள். வீட்டிலிருந்து செய்துகொண்டு வந்த எலுமிச்சை கேக்கை நீட்டினாள். அவர் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது முறை எடுத்துக்கொண்டார்.

ஆரஞ்சு உடுப்புக்காரி எழுந்து வந்தாள்.

"இந்த மாதிரி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்ல" என்றாள். "அவ்வளவு நேரம் பொறுமையா இருந்தீங்களே! போற வழியில கர்ட்டிஸ்கிட்ட சொல்லிடறேன், இவங்களை எங்கயும் விட்டுடாதீங்கன்னு."

"ரொம்ப நன்றி" என்றாள் மார்லிஸ். ரசனையுள்ள பெண்தான். ஆனால் வேலையில் கொஞ்சம் மந்தம். "ரேடியேட்டர்தான் இன்னும் சத்தம் போடுது, கவனிச்சீங்களா?"

"ஆமா, கவனிச்சேன். அதையும் எழுதிக்கிட்டேன்."

அவள் போனாள். பெரியவர் கேக்கை மென்று முடித்து, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, இப்போதாவது யாரும் பேசவில்லை என்று உறுதி செய்துகொள்வது போல ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, சர்ச்சுல ஒருத்தரோட அடக்கத்துக்குப் போயிட்டு அப்படியே வந்துட்டேன், அதான் டை எல்லாம். பாடம் முடிஞ்சுதுன்னா, அந்த ரேடியேட்டரைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கட்டுமா?"