உயிருள்ள பாரம்

பள்ளிவாசலைத் தாண்டிய இரண்டாவது ஏற்றத்தில் மொரிஸ் மைனர் மூன்று முறை இருமியது. நான்காவது இருமலில் நின்றேவிட்டது.

இப்றாஹிம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார். அக்கரப்பத்தனை நகரில் முப்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடை நடத்தும் அவருக்கு, கடையைக் காட்டிலும் பெரிய பெருமை அறுபது வயதைக் கடந்த அந்தக் கார்தான். பின்னிருக்கையில் மனைவி செரீபாவும் மகள் இல்மாவும் கல்யாணச் சீலைப் பெட்டிகளோடு நெருங்கி அமர்ந்திருந்தனர்.

"இல்மாட வாப்பா, நீங்க தனியாப் போனா பறக்குது. நாங்க ஏறினா நிக்குது. இதுக்கும் எங்களப் புடிக்கல்ல போல," என்றாள் செரீபா.

இல்மாவின் நிக்காஹ்வுக்கு இன்னும் பதினைந்தே நாட்கள் இருந்தன. மாப்பிள்ளையைப் பள்ளிவாசலிலிருந்து மேட்டிலுள்ள தம் வீட்டுக்குத் தமது காரிலேயே அழைத்து வருவதாக இப்றாஹிம் சம்பந்தி ஷிஹாம் ஹாஜியாரிடம் வாக்களித்திருந்தார். உடப்புசல்லாவையில் புத்தம் புதிய கார்களை விற்பவர் ஹாஜியார். அவர் தொலைபேசியிலேயே சிரித்தார்.

"மாப்பிள்ள கோட்டு சூட்டோட வாறான் மச்சான். வண்டி தள்ள வேணுமெண்டா இப்பவே சொல்லுங்க, வேற சப்பாத்து வாங்கணும்."

அந்தச் சிரிப்பு இப்றாஹிமை இரண்டு நாள் உண்ணவிடவில்லை. மூன்றாம் நாள் மெக்கானிக் செல்லசாமியை வரவழைத்தார். செல்லசாமிக்குக் கராஜ் நகரில் இருந்தாலும், குடியிருப்பு இப்றாஹிமின் வீட்டையும் தாண்டி மூன்று மைல் மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில்.

அவன் பொனட்டைத் திறந்து, வைத்தியனைப் போலத் தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டுவிட்டு, அண்ணனிடம் பேசும் உரிமையோடு சொன்னான்:

"வெறும் வண்டியா ஓடுறப்ப பச்சப்புள்ளயாட்டம் இருக்கு நானா. பாரம் ஏறுனாத்தான் பிளக்குல நெருப்பு விட்டு விட்டு அடிக்குது. பாரத்தோட மேட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் நோவு தெரியும்."

கடையிலிருந்து நான்கு அரிசி மூட்டைகள் ஏற்றப்பட்டன. கார் முறைப்படி இருமியது. செல்லசாமி பிளக்குகளைத் துடைத்தான். மறுநாள் அந்த அரிசியை வாங்கியோர் அனைவரும் பானையோடு கடைக்கு வந்தனர். சோற்றில் பெற்றோல் மணந்தது.

"இனி ஒரு மூட்ட அந்தக் கார்ல ஏறினா, நான் உம்மா வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள் செரீபா.

"அக்கா சொல்றதும் சரிதான் நானா," என்றான் செல்லசாமி. "மூட்ட அசையாது. உங்க சம்பந்தி அசைவாரு. உசுருள்ள பாரமா ஏத்துவோம்."

உயிருள்ள பாரத்துக்குப் பஞ்சமில்லை. பேருந்து நகரத்துப் பாலத்தோடு திரும்பிவிடும். அதன்பின் லயத்துச் சனங்கள் சாமான் பைகளைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டும். அன்று மாலை கொழுந்து பறிக்கும் வேலாயி, லெட்சுமி உட்பட நான்கு பேர் காரில் ஏறினர்.

"நாலு பேரு பத்துமா?" என்று இப்றாஹிம் ஐயத்தோடு கேட்டார். "மாப்பிள்ளையோட வாறது அந்தப் பெரிய உடம்பு ஹாஜியாரு."

"அந்த ஆளுக்கே நாங்க ரெண்டு பேரு வேணுங்க," என்றாள் வேலாயி. "நாளைக்கி எங்க அண்ணனையும் கூட்டியாறேன்."

புதிய பிளக்குகள் பூட்டப்பட்டன. கார் முன்னிலும் ஒரு வளைவு முன்னதாகவே இருமத் தொடங்கியது. தீப்பொறி எழுப்பும் பொயின்டைச் சரிசெய்தபின் புகைக்குழாய் வெடியோசை எழுப்ப, யாரோ பன்றி சுடுவதாக எண்ணித் தோட்டத்துக் காவல்காரர் தடியோடு ஓடிவந்தார். காபரேட்டரைக் கழற்றிப் பூட்டியதும், கல்யாணத்துக்கென வெளுத்து உலர்த்தியிருந்த திரைச்சீலைகள் ஒரே மூச்சுப் புகையில் கறுத்தன.

பாரமும் நாளொரு வண்ணம் வளர்ந்தது. ஐவர் அறுவராயினர். பின்னர் ஒரு கேஸ் சிலிண்டர் ஏறியது. அதன்பின் கோழிக்குஞ்சுப் பெட்டி. வேலாயி முன்னிருக்கையில் அமர்ந்து, மருத்துவமனைத் தாதியைப் போல இருமல்களை விரல்விட்டு எண்ணி வந்தாள்.

"நேத்து எட்டு, இன்னிக்கிப் பதினொண்ணு. கூடுது முதலாளி."

அதிசயம் யாதெனில், எத்தனை முறை இருமினாலும் லயத்து வாசலை அடையாமல் அந்தக் கார் ஒருநாளும் நின்றதில்லை.

நாட்கள் கரைந்தன. இப்றாஹிம் கடையைச் செரீபாவிடம் ஒப்படைத்துவிட்டு, கைத்தொலைபேசியில் பழைய கார்களைப் பற்றிய காணொளிகளில் மூழ்கினார். நிக்காஹ்வுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை காலை, கராஜுக்குள் வெற்றிவீரராக நுழைந்தார்.

"செல்லசாமி, இது கண்டென்சர்தான். சூடேற ஏறப் பலமில்லாமப் போகுது. கொழும்பிலேருந்து புதுசு எடுத்தாச்சி."

செல்லசாமி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "நாளைக்கிக் கல்யாணம், இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதைப் பூட்டினான்.

அன்று மாலை ஆறு பேரையும் இரண்டு மா மூட்டைகளையும் சுமந்துகொண்டு, மொரிஸ் மைனர் ஓர் இருமலும் இன்றி மலையேறியது. இப்றாஹிமின் கண்கள் கலங்கின. ஆனால் பயணிகளில் ஒருவரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப, நல்லாயிருச்சுங்களா?" என்று இழவுச் செய்தி கேட்டவள்போல வினவினாள் வேலாயி.

சனிக்கிழமை பகல் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையும் இரு தோழர்களும் பின்னிருக்கையில் அமர, முன்னிருக்கையை ஹாஜியார் தனியொருவராக நிறைத்தார். இரண்டாவது ஏற்றத்தில் ஹாஜியார் முன்னெச்சரிக்கையாகக் கதவுப்பிடியைப் பற்றினார். கார் சற்றும் சலிக்காமல் ஏறி, பந்தல் வாசலில் நின்றது.

பந்தலில் புரியாணி பரிமாறப்பட்டபோது, ஹாஜியார் தம் தோல்வியை மனமார ஒப்புக்கொண்டார்.

"எங்கட மெக்கானிக்மாருக்கு நீங்கதான் பாடம் நடத்தணும் மச்சான். எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

இப்றாஹிம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சுற்றியிருந்தோர் அனைவரும் கேட்கும்படி விளக்கத் தொடங்கினார்.

"வெறும் வண்டியப் பாத்தா ஒண்டும் விளங்காது மச்சான். பாரத்தோட மேட்டுல ஓட்டி, ஒவ்வொண்டா யோசிக்கணும். மெக்கானிக்குக்கே புடிபடல்ல. நோவு எங்க ஈக்கிண்டு நான்தான் சொன்னேன்."

அடுத்த வரிசையில் உண்டுகொண்டிருந்த செல்லசாமி, இலையை விட்டுத் தலையை உயர்த்தவே இல்லை. அப்போது, சாப்பிட்டு முடித்த வேலாயி புரியாணிப் பொட்டலத்தோடு அவனருகே வந்து, குரலைச் சற்றும் தாழ்த்தாமல் சொன்னாள்:

"ஏப்பா, அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே, நாளைக்கிச் சந்த, சாமான் நெறய இருக்கு, எப்பவும்போல அந்தப் பிளக்கு வயரக் கொஞ்சம் தளத்தி வச்சிரு."