மாற்று மடிக்கணினித் தேர்வுக் குழுவின் ஆறு ஞாயிறுகள்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் உருப்படியாக நடந்த பெரிய காரியம் ஒன்றே ஒன்றுதான். புனே கராடியில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுசில், டேபிள் டென்னிஸ் மேசைக்கு ஓரமாக, செத்துப்போன மடிக்கணினிக்குப் பதிலாக வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் பெரிய காரியம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தக் குழுவில் ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கனகவல்லியும் உட்கார்ந்து பார்க்கவில்லை. நின்றுதான் பார்த்தாள்.

பக்கத்து ஐ.டி. பார்க்கில் மூன்று மாடிக்கு மாப்பு போடுகிறவள் அவள். பதினெட்டு வருசம் குனிந்து குனிந்து, இடுப்பில் பாதி அவளுக்கும் பாதி மாப்புக் கட்டைக்கும் என்று பாகம் பிரிந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் ஆங்கில எழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொள்ள வந்தாள். ஞாயிறுதோறும் ‘கட்டற்ற கணினித் தமிழர் பேரவை’ நடத்தும் வகுப்பு அது. பேரவை என்றால் சும்மாவா? மொத்தம் மூன்று பேர். தலைவர் ஹரிபிரசாத், கோயம்புத்தூர்க்காரர். செயலாளர் கோகுல்நாத். குறிப்பேடு எழுதும் பொறுப்பு தேஜஸ்வினி. மூவருக்கும் கணினிக் கம்பெனியில் உத்தியோகம். மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு கனகவல்லி.

அவளுடைய கம்பெனியில் ஒரு அறிவிப்பு வந்தது. அன்றாடத் துப்புரவு அறிக்கையைக் கணினியில் அடிக்கத் தெரிந்தவர் ஒருவரை மேற்பார்வையாளர் ஆக்குவார்கள். ஆறு வாரத்தில் பரீட்சை. மாப்பைக் கீழே வைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வாசல் அது. அதே வாரம்தான் வகுப்பின் பழைய மடிக்கணினி லேசாகப் புகைவிட்டுக் காலமானது.

பேரவை கலங்கவில்லை. ‘மாற்று மடிக்கணினித் தேர்வுக் குழு’ உடனடியாக அமைந்தது. அதே மூன்று பேர்தான். ஆனால் நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள்.

கடைக்குப் போய் ஒன்று வாங்கினால் ஆகாதா என்று கனகவல்லி கேட்டாள். ஹரிபிரசாத் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“போனோம் வாங்குனோம்னு வர்றதுக்கு அது என்ன தக்காளிங்களாக்கா? அதுல ஓடப்போறது லினக்ஸுங்குற கட்டற்ற மென்பொருளுங்க. யார் வேணா திறந்து பார்க்கலாம், யார் வேணா மாத்தலாம். யாருக்கும் அடிமை இல்லீங்க. அதுக்கேத்த உடம்பு வேணுமில்லீங்களா?”

முதல் இரண்டு ஞாயிறும் அந்த உடம்பைத் தேடுவதில் போயிற்று. தேஜஸ்வினி நாற்பத்தொரு கட்டம் உள்ள அட்டவணை ஒன்று தயாரித்தாள். விசிறியின் சத்தம், மூடி எவ்வளவு தூரம் மல்லாக்கச் சாயும், பேட்டரியைக் கழற்ற எத்தனை திருகு, எல்லாம் அதில் இருந்தது. ‘பயன்படுத்துபவருக்கு எளிதா’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. அது நாற்பத்தொன்றாவது. திரையில் முப்பத்தெட்டு வரைக்கும்தான் தெரிந்தது.

மூன்றாம் ஞாயிறு ஒரு பொத்தானுக்குப் போயிற்று. பிடித்த மாடல்கள் எல்லாவற்றிலும் ஒரு பொத்தான்மேல், பூட்டிய மென்பொருள் விற்கும் வேறொரு கம்பெனியின் ஜன்னல் சின்னம் இருந்தது. அதில் தன் விரல் படாது என்று கோகுல்நாத் சொல்லிவிட்டார். மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு, அதன்மேல் லினக்ஸின் பென்குவின் படத்தை ஒட்டிவிடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

“தட்டினா எழுத்து விழணும் சார். எனக்கு அவ்ளோதான்” என்றாள் கனகவல்லி.

‘பயனாளர் கருத்து: பொதுவானது’ என்று குறிப்பேட்டில் ஏறியது.

நான்காம் ஞாயிறு மடிக்கணினி வந்தேவிட்டது. மூடநம்பிக்கை கூடாது என்றார் கோகுல்நாத். ஆனாலும் யாரோ பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். திறந்தார்கள். எல்லாம் வேலை செய்தது, வைஃபை தவிர. அதன் சில்லுக்கு ஒரு மூடுமந்திர மென்பொருள் வேண்டுமாம்; போட்டால் இரண்டு நிமிடத்தில் ஓடுமாம். ஆனால் அதை யாரும் திறந்து பார்க்க முடியாதாம்.

கோகுல்நாத் எழுந்து நின்றார். “நமக்குச் சுதந்திரம் வேணுமா, வைஃபை வேணுமா?”

ஓட்டெடுப்பில் சுதந்திரம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. கனகவல்லிக்கு ஓட்டு இல்லை, அவள் பயனாளர். அவள் பழக வேண்டிய அறிக்கைப் படிவமோ இணையத்தில் மட்டுமே திறக்கும். அப்படியானால் உங்கள் சொந்த மடிக்கணினியில் கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். மூவரும் தங்கள் மடிக்கணினியை மூடிக்கொண்டார்கள். மூன்றும் ஆபீஸ் கொடுத்தவை. மூன்றிலும் ஓடுவது அந்த ஜன்னல்தான். பிழைப்புக்கு அது பரவாயில்லை. ஆனால் எழுத்து படிக்க வந்தவளின் முதல் பழக்கத்தை அதில் கெடுக்கப் பேரவையின் மனசாட்சி இடம் தரவில்லை.

ஐந்தாம் ஞாயிறு, மூடுமந்திரம் இல்லாமலே வைஃபை பிடிக்கும் லினக்ஸ் வகை எது என்று ஒவ்வொன்றாகப் போட்டு, என்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

“தொடாதீங்கக்கா, இன்ஸ்டால் ஓடுது. அறுபது சதவீதம் வந்தாச்சு” என்றாள் தேஜஸ்வினி.

அறுபது எழுபத்திரண்டாகி அங்கேயே நின்றது. அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். சும்மா நின்று பழக்கமில்லாத கனகவல்லி, பினாயில் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, எதிரே இருந்த விசைப்பலகையைப் பார்த்துப் பேனாவால் அப்படியே வரைந்துகொண்டாள். பென்குவினையும் விடவில்லை. மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அந்த அட்டையைத் தட்டினாள். தட்டத் தட்ட மை அழிந்தது, மறுபடி எழுதினாள். ஆறாம் ஞாயிறு குழு வேறொரு வகையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, டேபிள் டென்னிஸ் மேசைமேல் வைத்திருந்த அட்டையில் அவள் ‘மூன்றாம் மாடி சுத்தம்’ என்று ஆங்கிலத்தில் ஆறு தடவை அடித்து முடித்திருந்தாள்.

பரீட்சை அன்று கணினி முன்னால் உட்கார்ந்தவள், விசைப்பலகையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தேடினாள்.

“சாஹேப், இஸ்மே பென்குவின் கிதர் ஹை?” இதில் பென்குவின் எங்கே என்று இந்தியில் விசாரித்தாள்.

மேலாளர் பாட்டீல் சாஹேப் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பென்குவின் இல்லாமலே அவள் ஆரம்பித்தாள். அட்டையை அழுத்திய வேகத்தில் பொத்தானை அழுத்தியதால், அடுத்த அறையில் ஏதோ உடைக்கிறார்கள் என்று காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஒன்பது பேரில் முதலில் முடித்தது கனகவல்லி. வேலையும் அவளுக்கே.

அடுத்த ஞாயிறு பாராட்டு விழா. ‘கட்டற்ற மடிக்கணினியின் முதல் வெற்றி’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். மேசை நடுவே மடிக்கணினி, இன்ஸ்டால் எண்பத்து மூன்று சதவீதத்தில். சரியான கருவியைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண மனிதரும் எவ்வளவு உயரலாம் என்று ஹரிபிரசாத் நாற்பது நிமிடம் பேசினார். சால்வை போட்டார்கள். மடிக்கணினியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

கனகவல்லி சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ரொம்ப நல்ல லேப்டாப் சார். வந்ததுலேர்ந்து நான்தானே துடைச்சு வைக்கிறேன். பதினெட்டு வருசமா ஆபீஸ் மேசை துடைக்கிறவ நான், கை அழுக்கைப் பார்த்தே யாரு என்ன வேலை செஞ்சாங்கன்னு சொல்லிடுவேன். இதுல எப்பத் துடைச்சாலும் என்டர் பட்டன் ஒண்ணுலதான் அழுக்கு. மத்தபடி ஏ-யிலேர்ந்து இசட் வரைக்கும் இன்னும் கடையில இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு.”

மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.